இலை போட்டு நடந்த விசாரணை

1. ஆர்டர்

அரசியலமைப்புச் சட்டத்தின் பதினான்காவது பிரிவை நான் முதன்முதலில் கையில் எடுத்தது இரண்டு தையல் மெஷின்களைக் காப்பாற்றுவதற்காக. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்கிற பிரிவு அது. சட்டக் கல்லூரியில் அதை நடத்திய ஆசிரியர் அரசாங்கம், மந்திரி, பெரிய கம்பெனி என்றுதான் உதாரணம் சொன்னார். தையல் மெஷினை அவர் சொல்லவில்லை.

மெஷின்களுக்குச் சொந்தக்காரர் குணவதி அக்கா. கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலை. பெயர் வேண்டாம். தனியாரிடமிருந்து மத்திய அரசு எடுத்துக்கொண்ட ஆலை அது. கொரோனா ஊரடங்கின்போது நின்ற ஆலைச் சங்கு அதற்குப் பிறகு ஊதவேயில்லை. ஆனால் ஆலையை மூடிவிட்டதாக யாரும் அறிவிக்கவும் இல்லை. அரசாங்க ஆலைகள் அப்படித்தான், ஓடாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆலைக்குப் பின்னால் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகள். அக்காவின் கணவர் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர், ஆலை நின்ற பிறகு நெஞ்சுவலியில் இறந்துபோனார். அக்கா முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு பிளவுஸும் சுடிதாரும் தைக்கிறார். வீடு அங்கே, கடை அங்கே, வாடிக்கையாளர்களும் அதே லைன்காரர்கள். வேறு ஏரியாவுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒருவர் தைத்துக்கொண்டிருப்பார். ஆக, அந்த முன்னறை போனால் அக்காவுக்குப் பிழைப்பு போனது.

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் எங்கள் சீனியரின் ஆபீஸ். நான் அங்கே ஜூனியராகச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. சோமனூரில் என் அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வீட்டில் வளர்ந்ததால் என் குரல் கொஞ்சம் பெரிசு. "அம்மணி, கட்சிக்காரரு எதுத்தாப்பலதான் உக்காந்திருக்காரு. கிணத்துக்குள்ள இல்லை" என்று சீனியர் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார்.

குணவதி அக்கா ஒரு மஞ்சப்பையிலிருந்து அந்த ஆர்டரை எடுத்து நீட்டினார். பொது இடங்களில் அங்கீகாரமின்றிக் குடியிருப்பவர்களை வெளியேற்றும் மத்தியச் சட்டத்தின் கீழ் எஸ்டேட் ஆபீசர் போட்ட ஆர்டர். பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். லைன் முழுவதற்கும் இதே ஆர்டர், பெயரும் கதவு எண்ணும் மட்டும் வேறு.

நான் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றேன். "குடியிருப்போர் ஸ்தலத்திலேயே நேரில் விசாரிக்கப்பட்டனர். ஆட்சேபணை எதையும் அவர்கள் தெரிவிக்கவில்லை."

"ஏனுங்க்கா, நோட்டீஸ் வந்தப்பவே உக்கார வெச்சு என்னென்ன பேசோணும்னு அத்தனை சொல்லிக் குடுத்தேன். எழுத்துல பதிலும் டைப் பண்ணிக் குடுத்தேன். ஒன்னுமே சொல்லலையா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லலாம்னுதான் கண்ணு நின்னேன். அதுக்குள்ள அவரு இலையில உக்காந்துட்டாரு."

2. நோம்பி

எஸ்டேட் ஆபீசர் என்றால் ஏதோ தோட்டம் துரவு பார்க்கிறவர் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சட்டப்படி, இடத்துக்குச் சொந்தமான நிறுவனத்தின் அதிகாரி ஒருவரையே அரசு அந்தப் பதவியில் அமர்த்தலாம். நோட்டீஸ் கொடுப்பவர் அவர். பதிலைக் கேட்பவர் அவர். தீர்ப்புச் சொல்பவரும் அவர். நம் ஆலையில் அந்தப் பதவி நிர்வாக மேனேஜர் தேவராஜ் சாரிடம் இருந்தது. ஆலையின் முன்பக்கம், மாமரத்தடியில் இருக்கும் மேனேஜர் பங்களாவில் அவர் குடியிருந்தார். லைன்காரர்களுக்குப் பல வருஷப் பழக்கம்.

அவர் நோட்டீஸில் ஸ்தல விசாரணைக்கு ஒரு தேதி போட்டிருந்தார். காலண்டரைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அன்று லைன் மாரியம்மன் கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, மறுநாள், கெடா விருந்து. உச்சி வெயிலில் ஜீப் வந்து நின்றபோது பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார், சாப்புட்டுப் போலாம்னு கூப்புட்டோம். ட்யூட்டில இருக்கேன், வேண்டாம்னாரு" என்றார் அக்கா.

"சரியாத்தானே சொல்லியிருக்காரு?"

"ஒரு தடவை வேண்டாம்னு சொல்றது மரியாதைக்குக் கண்ணு. ரெண்டாந்தடவை கூப்புட்டோம், உக்காந்துட்டாரு."

"நீங்க பதிலைக் குடுத்திருக்கலாமல்லங்க்கா?"

"கையிலதான் வெச்சிருந்தேன். மெஷின் மேல வெச்சுப்போட்டுக் கொழம்பு ஊத்தப் போயிட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "நீயே சொல்லு. நம்ம ஊட்டுக்கு வந்தவிய சோறு திங்கறப்ப, எம்பட ஊட்டைப் புடுங்காதீங்கன்னு கேட்டா, போட்ட சோத்துக்குக் கணக்குக் கேக்கற மாதிரி ஆயிராதா? லைன்ல ஒருத்தரும் வாயைத் தொறக்கலை."

"சரி, சாப்புட்டு முடிச்சப்பறம்?"

"கை கழுவுனாரு. வெத்தலை போட்டாரு. வாரேனுங்கன்னு சொல்லி ஜீப்புல ஏறிட்டாரு. கெளம்புனவியளைப் பின்னால கூப்புடலாமா?"

கூடாதுதான். நானும் அதே ஊர்ப்பக்கத்தில் பிறந்தவள்.

அரசியலமைப்பு இந்த நாட்டில் எல்லோருக்கும் பேச்சுரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் பந்தியில் விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது அந்த உரிமையைக் கொங்கு நாட்டில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்பதை அதை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை.

3. சட்டம் செல்லாது

இந்தச் சட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. இளையவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு காலத்தில் அரசு தன் இடத்தில் இருப்பவரைக் காலி செய்ய இரண்டு வழி வைத்திருந்தது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே வருஷக்கணக்கில் நடக்கும், சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. அல்லது தன் அதிகாரியை வைத்தே சுருக்கமாக முடித்துவிடலாம். யாரை எந்த வழியில் அனுப்புவது என்பது அதிகாரியின் இஷ்டம். இது பாரபட்சம், பதினான்காவது பிரிவுக்கு விரோதம் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். ஆமாம், பாரபட்சம்தான் என்று அந்த மாதிரி ஒரு சட்டத்தை சுப்ரீம் கோர்ட்டே ரத்து செய்தது.

மக்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று தோன்றும். அரசு என்ன செய்தது தெரியுமா? பாரபட்சம் வேண்டாம் அல்லவா, அதனால் சிவில் கோர்ட் வழியை எல்லோருக்கும் அடைத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டது. இப்போது எல்லோருக்கும் சுருக்கு வழிதான். பாரபட்சம் போய்விட்டது. புதுச் சட்டம் செல்லும் என்று கோர்ட்டும் சொல்லிவிட்டது. சமத்துவம் கேட்டுப் போனவர்களுக்குச் சமத்துவம் கிடைத்த கதை அது.

இதெல்லாம் தெரிந்திருந்தும் சீனியர் சாவகாசமாகச் சொன்னார். "சட்டமே செல்லாதுன்னு ரிட் மனு போடு, அம்மணி."

"செல்லும்னுதான் எப்பவோ சொல்லியாச்சுங்களே, சார். அப்பீல்னா இங்கயே ஜில்லா ஜட்ஜுகிட்ட போலாமுங்களே?"

"ஜில்லா ஜட்ஜு ஆர்டரைத்தான் பாக்க முடியும். சட்டம் செல்லாதுன்னு அவரு சொல்ல முடியாது. சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனா ரெண்டு ஜட்ஜு பெஞ்சு. டெல்லிக்கு நோட்டீஸ் போகும். டெல்லி பதில் போடறதுக்குள்ள குணவதி நாலு தீவாளிக்குத் தச்சுக் குடுத்துருவா."

எங்கள் தொழிலில் இது ஒரு வழிமுறை. அரசியலமைப்புக் கேள்வி என்பது பல நேரம் பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை, அவகாசத்துக்காகக் கேட்கப்படுவது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பதிலுக்காகவே எழுதினேன். தனியார் வீட்டுக்காரன் வாடகைக்காரனைக் காலி செய்யக் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும், அரசு மட்டும் ஏன் தன் மேனேஜரையே நீதிபதியாக்கிக்கொள்ளலாம்? தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவது எந்த ஊர் நியாயம்? வீடு என்பது இருபத்தொன்றாவது பிரிவு சொல்லும் வாழும் உரிமையில் சேராதா? நாற்பது பக்கம். இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

விருந்தைப் பற்றி எழுதத்தான் கூச்சமாக இருந்தது. பதினான்கு, இருபத்தொன்று என்று பெரிய பிரிவுகள் வரிசையாக நிற்கும்போது கடைசியில் கெடாக் கறிக் குழம்பு வந்து நிற்பதா? ஆனால் பதிலை ஏன் கொடுக்கவில்லை என்று கோர்ட் கேட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டும். "உள்ளூர்த் திருவிழாவை முன்னிட்டு அளிக்கப்பட்ட உபசரிப்பின் காரணமாக மனுதாரரால் தம் ஆட்சேபணையைத் தெரிவிக்க இயலவில்லை" என்று இங்கிலீஷில் நாகரிகமாக ஒரு பாரா எழுதி, யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தேன்.

ஹைகோர்ட் ரிட்டை ஏற்று நம்பர் போட்டது. வழக்கு முடியும்வரை யாரையும் காலி செய்யக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் வந்தது. குணவதி அக்காவுக்குத் தகவல் சொல்ல போன் செய்தேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் நிறுத்தாமலே பேசினார்.

4. போட்டோ

டெல்லி பதில் போடத் தாமதித்தது. ஆலைத் தரப்பு தாமதிக்கவில்லை. தேவராஜ் சாரே சத்தியம் செய்து ஒரு பதில் மனு போட்டார். அதில் என் பாராவைப் பார்த்து அவருக்கு ரோஷம் வந்திருந்தது. "விசாரணையே நடக்கவில்லை என்பது பொய். குடியிருப்போர் அனைவர் முன்னிலையிலும் சுமுகமான சூழலில் விசாரணை நடந்தது. இதற்கு ஆதாரமாக ஜியோடேக் செய்யப்பட்ட புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது."

நான் அந்த இணைப்பைத் திருப்பினேன். திருப்பிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இப்போதெல்லாம் எந்த அதிகாரி எங்கே போனாலும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்கிறது. இடம், நேரம் எல்லாம் படத்தின் அடியிலேயே அச்சாகிவிடும். கூட வந்த கிளார்க் அன்று சில படங்கள் எடுத்திருக்கிறார். ஒன்றில் ஜீப். ஒன்றில் சாரின் முதுகு. லைன்காரர்கள் எல்லோரும் சாரைச் சுற்றி நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான். "அனைவர் முன்னிலையிலும்" என்பதை நிரூபிக்க அதைத்தான் போட முடியும். போட்டுவிட்டார்.

படத்தின் நடுவில் தேவராஜ் சார். பாயில் சம்மணம் போட்டிருக்கிறார். முன்னால் தலைவாழை இலை. சட்டைக் காலரில் துண்டு செருகியிருக்கிறது. வலது கை பாதி வழியில் நிற்கிறது.

சீனியர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லி எலும்பு," என்றார் கடைசியில்.

இறுதி வாதத்துக்குப் பட்டியலில் வந்தபோது, "நீயே பேசு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. தோற்கிற பாயிண்டை ஜூனியருக்கு விட்டுக்கொடுப்பது இந்தத் தொழிலின் பெருந்தன்மைகளில் ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது. கவுனும் கழுத்துப் பட்டையும் போட்டு, ஆபீஸிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காணொலியில் ஆஜரானேன். சென்னையில் இரண்டு நீதிபதிகள். என் குரலைக் கேட்டதும் அங்கே யாரோ ஒலியைக் குறைத்தார்கள்.

பதினான்காவது பிரிவை ஆரம்பித்தேன். பெரிய நீதிபதி கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு, "இதெல்லாம் முடிந்துபோன கேள்வி, கவுன்சல். இந்தச் சட்டம் செல்லும் என்று மேலே சொல்லியாகிவிட்டது. நாங்கள் மாற்ற முடியாது" என்றார். நாற்பது பக்கம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த நீதிபதி ஆலைத் தரப்பு வக்கீலிடம் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

"இணைப்புல ஒரு போட்டோ போட்டிருக்கீங்களே, அது என்ன சார்?"

"பர்சனல் ஹியரிங், மை லார்ட்."

"யாரு யாரைக் கேட்டாங்க?"

"விசாரணை இப்படித்தான் நடக்க வேண்டும் என்று சட்டத்தில் எந்த வடிவமும் சொல்லப்படவில்லை, மை லார்ட். அதிகாரி அவர்களுக்கு மத்தியிலேயே இருந்தார். யார் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "உங்க பெட்டிஷனர் இதுல எங்கம்மா இருக்காங்க?"

"கரண்டியோட நிக்கறவங்க, மை லார்ட்."

"அதிகாரிகிட்ட அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

நான் ஒரு கணம் யோசித்தேன். கோர்ட்டில் பொய் சொல்லக் கூடாது. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுங்களான்னு கேட்டாங்க, மை லார்ட்."

"அதுக்கு அவரு?"

"போதும்னு சொல்லலைன்னு தெரியுது, மை லார்ட்."

சென்னைக் கோர்ட் ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆலைத் தரப்பு வக்கீல் மட்டும் ஃபைலில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும். ஆனால் ஆர்டர் செல்லாது. சாப்பாட்டுப் பந்தியை விசாரணையாகக் கருத முடியாது. வேறொரு அதிகாரி புதிதாக நோட்டீஸ் கொடுத்து, அலுவலகத்தில் உட்கார வைத்து, எழுத்தில் பதிலை வாங்கி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். அப்படிப் போட்ட பிறகு காலி செய்யலாம், சட்டம் அனுமதித்தால்.

தீர்ப்பின் முதல் பக்கத்தில் மனுதாரர் வக்கீலாக என் பெயர் இருந்தது. முன்னால் 'மிஸ்டர்' என்று போட்டு. அப்பா அதைக் காந்திபுரத்துக்குக் கொண்டுபோய் ஃபிரேம் போட்டுச் சோமனூர் வீட்டில் மாட்டிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஒரு நாள் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏங்கண்ணு, இதுல நீ ஜெயிச்சியா, தோத்தியா?"

"சட்டம் ஜெயிச்சிருச்சுங்கப்பா. நாங்களும் ஜெயிச்சிட்டோம்."

"அப்ப தோத்தது யாரு?"

சில மாதம் கழித்து அந்தப் பதில் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தது.

5. புதுக் கட்சிக்காரர்

தேவராஜ் சார் ரிட்டையர் ஆகியிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சீனியர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான்.

"அம்மா, நீ ஒரு ரிட் எழுதினியே. சட்டமே செல்லாதுன்னு. அதோட காப்பி ஒன்னு வேணும்."

"எதுக்குங்க சார்?"

அவர் ஒரு நோட்டீஸை மேஜை மேல் வைத்தார். பங்களாவைக் காலி செய்யச் சொல்லி அவருக்கு வந்த நோட்டீஸ். சரவணம்பட்டியில் மகன் கட்டுகிற வீடு இன்னும் பூசி முடியவில்லை. மாமரம் இந்த வருஷம்தான் நன்றாகக் காய்த்திருக்கிறது. ரிட்டையர் ஆன பிறகு கொடுக்கும் சலுகைக் காலமும் முடிந்துவிட்டது. கோர்ட் சொன்னபடி வெளியூரிலிருந்து வந்த புது எஸ்டேட் ஆபீசர் மேடம் லைன்காரர்களின் ஃபைலோடு இவருடைய ஃபைலையும் எடுத்துவிட்டார்.

"அந்தம்மாவே நோட்டீஸ் குடுக்குது, அந்தம்மாவே விசாரிக்குது, அந்தம்மாவே தீர்ப்புச் சொல்லப்போகுது. இது என்னம்மா நியாயம்? தன் கேசுக்குத் தானே ஜட்ஜா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் எழுதிய பக்கங்களை இவ்வளவு உணர்ச்சியோடு அதுவரை யாரும் படித்துக் காட்டியதில்லை.

"ரொம்ப நல்ல பாயிண்டுங்க சார். ஆனா அது நம்ம கேசுலயே தோத்துப்போச்சுங்க. சட்டம் செல்லும்னு உங்க பக்கம்தான் தீர்ப்பு வந்துச்சு."

"அப்ப நீங்க எதுல ஜெயிச்சீங்க?"

"விசாரிக்கலைங்கறதுல."

அவர் நோட்டீஸை எடுத்து மறுபடி மடித்தார்.

"புது மேடம் உங்களை விசாரிச்சாங்களா, சார்?"

"ரெண்டு தடவை கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. எழுத்துல பதில் வாங்கினாங்க. மூணாவது தடவைக்கும் தேதி குடுத்திருக்காங்க."

"ஏதாவது சாப்புடக் குடுத்தாங்களா?" இதைக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் வழக்குக்குத் தேவையான கேள்வி.

"தண்ணிகூடக் குடுக்கலம்மா," என்றார் அவர், அதுதான் பெரிய அநியாயம் என்பது போல.

"அப்ப ஒன்னும் பண்ண முடியாதுங்க சார். அவங்க தீர்ப்பை வரிக்கு வரி படிச்சிருக்காங்க."

லைன்காரர்களின் வழக்கு எங்களிடம் இருப்பதால் அவருக்கு ஆஜராக முடியாது என்று சொல்லி, வேறு வக்கீல் ஒருவரின் பெயரைக் கொடுத்தேன். காப்பியையும் கொடுத்தேன். அது பொது ஆவணம். படி இறங்கும்போது, "நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றார்.

6. பெஞ்சு

தேவராஜ் சாருக்குக் கொடுத்த மூன்றாவது தேதியன்றுதான் லைன்காரர்களுக்கும் விசாரணை, நான் குணவதி அக்காவோடு போனேன். புது மேடத்தின் அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே தேவராஜ் சார் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். ஒரே சட்டம், ஒரே பிரிவு, ஒரே மாதிரி நோட்டீஸ். பதினான்காவது பிரிவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது.

"நல்லாருக்கீங்களா, சார்?" என்றார் அக்கா.

"இருக்கேன் குணவதி. நீ என்ன சொல்லப்போறே உள்ள?"

"இந்த அம்மணி சொல்லுமுங்க. நானும் இந்தத்தடவை கொழம்பு ஊத்தப்போறதில்லை, வாயைத் தொறந்து பேசீர்றேன்." தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார்.

உள்ளே புது மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். அக்காவின் கணவருக்குக் கொடுத்த வீட்டு ஒதுக்கீட்டை ரத்து செய்த உத்தரவு எங்கே? ஒதுக்கீடு ரத்தாகாமல் ஒருவர் எப்படி அங்கீகாரமில்லாதவர் ஆவார்? நியாயமாகப் பார்த்தால் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முதல் நாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடம் ஃபைலைப் புரட்டினார். அப்படி ஓர் உத்தரவு இல்லை. இருக்கவும் முடியாது. ஆலை மூடப்பட்டதாக அறிவித்தால்தான் தொழிலாளிகளின் ஒதுக்கீட்டை ரத்து செய்ய முடியும். மூடியதாக அறிவிக்க டெல்லிக்குத் துணிவில்லை. அக்கா பேசினார். மெஷின்களைப் பற்றி, முன்னறையைப் பற்றி, கணவரைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். மேடம் இடைமறிக்கவில்லை. தண்ணீர் தரவுமில்லை.

சில வாரத்தில் இரண்டு உத்தரவு வந்தது. ஒதுக்கீடு முறைப்படி ரத்து செய்யப்படாததால் லைன் வீடுகளின் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது. பங்களாவைப் பொறுத்தவரை, அதிகாரிகளின் ஒதுக்கீடு ரிட்டையர்மெண்டோடு தானாகவே முடிந்துவிடுகிறது என்று ஆலையின் விதி சொல்கிறது, எனவே காலி செய்ய வேண்டும். அந்த விதியைத் திருத்தி எழுதியவர் தேவராஜ் சார். அதோடு, லைன்காரர்களுக்கு அவர் முன்பு போட்ட ஆர்டரிலிருந்து ஒரு வரியையும் மேடம் எடுத்துப் போட்டிருந்தார்: "அனுதாபம் உரிமை ஆகாது."

7. இலை

அவர் பங்களாவைக் காலி செய்த அன்று மத்தியானம் லைனில் அவருக்குச் சாப்பாடு. குணவதி அக்காதான் ஏற்பாடு. "இத்தன வருசம் இருந்துட்டுப் போறாரு, பச்சத்தண்ணி குடிக்காமயா அனுப்பறது?" என்றார் என்னிடம் போனில். என்னையும் கூப்பிட்டிருந்தார். இரண்டு மெஷினையும் சுவரோரமாக நகர்த்தி, முன்னறையில் பாய் போட்டிருந்தார்கள். கெடா இல்லை. சாம்பார், ரசம், அவரைக்காய்ப் பொரியல்.

தேவராஜ் சார் ஒரு முறை வேண்டாம் என்றார். இரண்டாம் முறை உட்கார்ந்தார்.

சாம்பாருக்கு அப்புறம் அவரால் தாங்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினார். "வக்கீலம்மா, அப்பீல் போட்டா ஜில்லா ஜட்ஜு என்னம்மா சொல்லுவாரு? அந்த மேடம் என்னோட விதியையே எடுத்து..."

"சார்," என்றார் குணவதி அக்கா, ரசச் சட்டியோடு குனிந்து. "சோறு திங்கையில வழக்குப் பேசக்கூடாதுங்க. கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?"

அவர் அக்காவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "ஊத்தும்மா," என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போனில் அப்பா கூப்பிட்டார். நான் போனைப் பையிலிருந்து எடுத்தேன். தேவராஜ் சார் சட்டென்று இடது கையை நீட்டி மறைத்தார்.

"போட்டோ மட்டும் எடுத்துராதம்மா."

அதற்குப் பிறகு இந்த மாதிரி வழக்குகள் நிறைய வந்துவிட்டன. குளக்கரை, ரயில்வே இடம், குவார்ட்டர்ஸ். ஒவ்வொன்றிலும் சட்டம் செல்லாது என்று இன்றைக்கும் எழுதுகிறேன், பதிலுக்காகவே எழுதுகிறேன். என்றைக்காவது ஒரு நாள் கேட்பார்கள். ஆனால் புதுக் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் நோட்டீஸை வாங்குவதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி வேறு. இளைய ஜூனியர்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

"அதிகாரி வந்தப்ப என்ன குடுத்தீங்க?"

"காப்பிதானுங்க."

"நீங்க பேசுனது டம்ளர் காலியாகறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இதுவரை ஒருவர்கூட முன்னாடி என்று சொன்னதில்லை.